சிறு திரைக்கு இணங்கும் இணையத்தளம்

கொழும்பிலிருந்து பதுளை நோக்கிச் செல்லும் இருப்புப் பாதை, நாவலப்பிட்டியை விட்டதும் மலையைப் பற்றி ஏறத் தொடங்குகிறது. இங்குரு ஓயா, கலபொட ஆகிய நிலையங்களைக் கடந்து, ஹட்டனை எட்டுமுன் அது தொடும் ஊர்களில் ஒன்று வட்டவளை. தேயிலைப் பொதிகளின் வாயிலாகத் தீவெங்கும் அறிமுகமான பெயர் அது. இலங்கையில் மழை மிகுதியாகப் பெய்யும் இடங்களை எண்ணப் புகுந்தால் வட்டவளையை விட்டுவிட இயலாது. ஓராண்டில் 5,000 மில்லிமீற்றரைத் தாண்டிய மழை அவ்வூருக்குப் புதிதன்று.

அவ்வூரை அடுத்த தோட்டமொன்றில், க.பொ.த. சாதாரணதரப் பரீட்சை எழுதிய மாணவி ஒருத்தி இருக்கிறாள் என்று நேயர்கள் கற்பனை செய்துகொள்ளலாம். முன்னாளில் பெறுபேற்றுப் பட்டியல் பாடசாலைக்குத் தபாலில் வந்து சேரும்வரை பிள்ளைகள் காத்திருந்தனர். இன்று பரீட்சைத் திணைக்களம் பெறுபேறுகளை இணையத்தில் வெளியிடுகிறது. மாணவி தந்தையின் கைத்தொலைபேசியை வாங்கிச் சுட்டெண்ணைப் பதிகிறாள், பெறுபேறு கிடைத்துவிடுகிறது, சித்தியும் பெற்றுவிட்டாள். உடனே அடுத்த வினா எழுகிறது. உயர்தரக் கல்வியை எந்தப் பாடசாலையில் தொடர்வது? நகரத்துப் பாடசாலை ஒன்றின் இணையத்தளத்தைத் திறக்கிறாள்.

தளம் திறக்கிறது, ஆயினும் வாசிக்க முடியவில்லை. எழுத்துகள் எள்ளளவாய்த் தெரிகின்றன. இரு விரல்களால் விரித்துப் பெரிதாக்கினால் வரியின் பாதி திரைக்கு வெளியே ஓடிவிடுகிறது. அப்பாதியைத் தேடி இழுத்தால் தொடக்கம் மறைந்துவிடுகிறது. விண்ணப்பப் படிவத்தைத் தொட எண்ணி விரலை வைத்தால், அதனை ஒட்டியிருக்கும் வேறொன்று திறக்கிறது. விண்ணப்ப முடிவுத் திகதியோ ஒரு படத்துக்குள் எழுதப்பட்டிருக்கிறது. அதனைப் பெரிதாக்கினால் மங்கிப் போகிறது. சிறிது நேரம் முயன்ற பின் அவள் கைத்தொலைபேசியைத் தந்தையிடமே கொடுத்துவிடுகிறாள். அந்தப் பாடசாலையின் கதவு அவளுக்கு எதிரே மூடப்படவில்லை. எனினும் அவளால் அதனைத் திறக்க முடியவில்லை.

அத்தளத்தை ஆக்கியவரைக் குறைகூறுவது நியாயமாகாது. அவர் காலத்தில் இணையம் என்றால் மேசைமீது வைத்த கணினியே நினைவுக்கு வரும். அகன்ற திரையை அளந்து, அதற்குப் பொருத்தமாக அவர் பக்கத்தை அமைத்தார். இன்று வாசகர் மாறிவிட்டார், பக்கம் மாறவில்லை. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கொரோனாத் தொற்றினால் நாட்டின் பாடசாலைகள் யாவும் மூடப்பட்டபோது இவ்வுண்மை வெட்டவெளிச்சமாயிற்று. வீட்டிலிருந்து கற்கும்படி பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்டது. தோட்டப்புறத்தில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வீடென்பது ஒரு லயன் அறை. கணினியென்பது பெற்றோர் வேலையிலிருந்து திரும்பிய பின் கைக்கு வரும் ஒரு கைத்தொலைபேசி. அதுவும் சமிக்ஞை கிடைக்கும் மேட்டைத் தேடிச் சென்ற பின்னரே பயன்பட்டது.

இத்தகைய பழைய தளமொன்றைச் சிறு திரைக்கும் இணங்குமாறு திருத்தி அமைக்கும் பொறுப்பு, இணையத்தொழிலை இப்போதுதான் கற்கத் தொடங்கிய ஓர் இளைஞரிடம் ஒப்படைக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். புதிதாய்த் தளம் அமைப்பதிலும் இருப்பதைத் திருத்துவது கடினம் என்று அவர் அஞ்சக்கூடும். அவ்வச்சத்துக்குப் பெரிதும் இடமில்லை. ஏனெனில் இவ்வேலையில் சேர்ப்பது சிறிது, நீக்குவதே பெரிது. அது எவ்வாறு என்பதை விளங்கிக்கொள்ளச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

ரிம் பேர்னர்ஸ் லீ என்னும் ஆங்கிலேய அறிஞர், சுவிற்சர்லாந்தின் ஜெனீவா நகரை அடுத்துள்ள சேர்ன் ஆய்வுகூடத்தில் பணியாற்றியபோது, 1989இல் உலகளாவிய வலைக்கான திட்டத்தை முன்வைத்தார். 1991இல் முதல் வலைத்தளம் உலகோர் பார்வைக்கு வந்தது. அதில் இருந்தவை தலைப்பு, பந்தி, இணைப்பு ஆகியவை மட்டுமே. பக்கத்துக்கு இன்ன அகலம் என்று யாரும் விதிக்கவில்லை. திரை அகன்றால் வரி நீளும். திரை ஒடுங்கினால் வரி மடிந்து கீழிறங்கும். ஆகவே, வலைப்பக்கம் பிறக்கும்போதே இணங்கும் இயல்புடன் பிறந்தது எனலாம்.

பின்னர் வந்தோர் அச்சுக்கலையில் பழகியவர்கள். தாளுக்கு அளவு உண்டு. ஆதலால் திரைப்பக்கத்துக்கும் அளவு வேண்டும் என்று எண்ணினர். 1996இல் சி.எஸ்.எஸ். என்னும் ஒப்பனைக் கட்டளைகள் முறைப்படி வகுக்கப்பட்டன. எழுத்து, நிறம், இடைவெளி, அகலம் முதலியவற்றைத் தீர்மானிக்கும் ஆற்றல் அக்கட்டளைகளுக்கு உண்டு. அவ்வாற்றலைக் கொண்டு 760 பிக்சல், 960 பிக்சல் என்று பக்கங்களுக்கு நிலையான அகலங்களை விதிக்கும் பழக்கம் வேரூன்றியது. பிக்சல் என்பது திரையின் மிகச் சிறிய புள்ளி. ஜோன் ஓல்சொப் என்னும் அவுஸ்திரேலியர் 2000ஆம் ஆண்டிலேயே, வலை என்பது தாள் அன்று, அதன் நெகிழ்ச்சியைக் குறையாகக் கருதாது ஏற்க வேண்டும் என்று ஒரு கட்டுரையில் வாதாடினார். அன்று அதற்குச் செவிசாய்த்தோர் சிலரே.

2007இல் அப்பிள் நிறுவனத்தின் ஐபோன் வெளிவந்தது. அதன் திரை அகலம் 320 பிக்சல். உலகிலுள்ள பக்கங்களோ அகன்றவை. என்ன செய்வது? அக்கருவி ஓர் உபாயத்தைக் கையாண்டது. தன் திரை 980 பிக்சல் அகலமுடையது போலப் பாவனை செய்து பக்கத்தை முழுதாக வரைந்து, பின்னர் அதனை மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கிக் காட்டியது. ஏனைய கைத்தொலைபேசிகளும் ஏறக்குறைய அவ்வழியையே பின்பற்றின. 12 பிக்சல் உயரமுள்ள எழுத்து இவ்வாறு சுருங்கும்போது 4 பிக்சலாகிவிடுகிறது. நம் மாணவி கண்ட எள்ளளவு எழுத்தின் காரணம் இதுவே.

இச்சிக்கலுக்கு முதலில் காணப்பட்ட தீர்வு, கணினிக்கு ஒரு தளம், கைத்தொலைபேசிக்கு வேறொரு தளம் என இரண்டாக அமைப்பது. இதன் இடர்ப்பாட்டை மலையகத்தார்க்கு விளக்குவது எளிது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலைக்கு ஒரு குறுகிய இருப்புப் பாதை முன்பு இருந்தது. தலைப்பாதையில் தண்டவாளங்களின் இடைவெளி 5 அடி 6 அங்குலம். இக்குறும்பாதையில் 2 அடி 6 அங்குலம். ஒரு பாதையின் வண்டி மற்றையதில் ஓடாது. ஆகவே இராகலைப் பக்கத்துத் தேயிலைப் பெட்டி ஒவ்வொன்றையும் நானுஓயாவில் இறக்கி, மறுபடி ஏற்ற வேண்டியிருந்தது. அக்குறும்பாதை 1940களில் மூடப்பட்டது. இரு தளங்களை வைத்திருப்போர்க்கும் இதே இரட்டை வேலைதான். ஓர் அறிவித்தலை இரண்டு இடங்களில் இட வேண்டும். ஒன்றில் திருத்தி மற்றையதில் மறந்துவிடுவதும் நேரும். பெருநிறுவனங்கள் அதனைத் தாங்கலாம். ஒரேயொரு ஆசிரியர் ஓய்வுநேரத்தில் பராமரிக்கும் பாடசாலைத் தளத்துக்கு அது ஆகாது.

2010ஆம் ஆண்டு மே மாதத்தில் ஈதன் மார்க்கொட் என்னும் அமெரிக்கர், எ லிஸ்ட் அபார்ட் என்ற இணைய இதழில் வேறொரு வழியைக் காட்டினார். தளம் ஒன்றே; திரைக்குத் தக்கவாறு அது தன்னை அமைத்துக்கொள்ளும். ‘ரெஸ்பொன்சிவ்’ என்று அவர் அதற்குப் பெயரிட்டார். இணங்கும் வடிவமைப்பு என்று தமிழில் கூறலாம். இதற்கு மூன்று உறுப்புகள் உண்டு என்றார் அவர். நெகிழும் பத்திகள், நெகிழும் படங்கள், திரையின் அளவை வினவி அதற்கேற்ப மாறும் கட்டளைகள் என்பன அம்மூன்றும். இன்றும் தொடக்கநிலை மாணவர் கற்க வேண்டியவை இவையே.

தோட்டத்து வாழ்க்கையை அறிந்தவர்க்கு இக்கருத்து அந்நியமானதன்று. லயன் அறை ஏறக்குறைய 10 அடிக்கு 12 அடி. பகலில் அதுவே பிள்ளைகள் படிக்கும் இடம். விருந்தினர் வந்தால் வரவேற்பறை. இரவில் பாயை விரித்தால் படுக்கையறை. பொருள்கள் அவையே, வேளைக்கேற்ப அவற்றின் ஒழுங்கு மாறுகிறது. துரையின் பங்களாவுக்கென்று அளவெடுத்துச் செய்த அலுமாரியை அவ்வறைக்குள் கொண்டுவர முயன்றால் கதவிலேயே முட்டிக்கொள்ளும். பழைய தளத்தில் அகலம் விதிக்கப்பட்ட ஒவ்வொரு பகுதியும் அத்தகைய ஓர் அலுமாரி. அதனை மடக்கி விரிக்கத்தக்கதாக மாற்றுவதே இளைஞரின் வேலை.

வேலையைத் தொடங்குமுன் செய்ய வேண்டியவை இரண்டு. முதலாவது, தளத்தின் கோப்புகள் அனைத்தையும் பிரதியெடுத்துப் பத்திரப்படுத்துவது. இருக்கும் தளத்தைத் திருத்துபவர் பிழைவிட்டால் நேற்றுவரை இருந்ததும் இல்லாமற் போகும். இரண்டாவது, தளத்தைச் சிறு திரையில் திறந்து, ஒவ்வொரு பக்கத்திலும் எது உடைகிறது என்று குறிப்புப் புத்தகத்தில் எழுதுவது. குரோம், பயர்பொக்ஸ் ஆகிய உலாவிகளில், கணினித் திரையிலேயே கைத்தொலைபேசியின் அகலத்தை உண்டாக்கிப் பார்க்கும் கருவி உள்ளது. அதற்குக் கட்டணம் இல்லை. இக்குறிப்பே பின்னர் வேலைத்திட்டமாகும்.

முதல் திருத்தம் ஒரேயொரு வரி. பக்கத்தின் தலைப்பகுதியில், எச்.ரி.எம்.எல். மொழியில், ‘வியூபோர்ட்’ என்னும் குறிப்பைச் சேர்க்க வேண்டும். பாவனை அகலம் வேண்டாம், கருவியின் உண்மை அகலத்தையே பக்கத்தின் அகலமாகக் கொள்க என்பது அதன் பொருள். இவ்வரியைச் சேர்த்த கணத்தில் எழுத்து வாசிக்கத்தக்க அளவுக்கு வளரும். ஆனால் தளம் முன்னிலும் சீர்கெட்டது போலத் தோன்றும். பக்கம் வலப்புறமாகத் திரையைத் தாண்டி நீளும். தொடக்கநிலையினர் பலர் இவ்விடத்தில் மனந்தளர்ந்து அவ்வரியை நீக்கிவிடுவதுண்டு. உண்மையில் அது நோயை உண்டாக்கவில்லை; மறைந்திருந்த நோயை வெளிப்படுத்தியது. மக்கள் பக்கத்தைப் பெரிதாக்குவதைத் தடுக்கும் சொற்களை மட்டும் இவ்வரியில் சேர்த்தல் ஆகாது. முதியோரும் பார்வை குன்றியோரும் அவ்வசதியையே நம்பியிருக்கின்றனர்.

அடுத்து, ஒப்பனைக் கட்டளைகளுள் அகலம் விதிக்கப்பட்ட இடங்களைத் தேடிப் பிடிக்க வேண்டும். இங்கே வேண்டுவது ஐந்தாம் வகுப்புக் கணக்கு. பழைய பக்கம் 960 பிக்சல் என்போம். அதில் செய்திப் பத்தி 600, ஓரப் பத்தி 300, இடைவெளி 60. ஒவ்வொன்றையும் 960ஆல் வகுத்தால் செய்திப் பத்தி 62.5 வீதம், ஓரப் பத்தி 31.25 வீதம், இடைவெளி 6.25 வீதம், கூட்டினால் 100. பிக்சலுக்குப் பதிலாக இவ்வீதங்களை எழுதிவிட்டால் திரை எவ்வளவாயினும் பத்திகள் அதனைப் பங்கிட்டுக்கொள்ளும். முழுப் பக்கத்துக்கும் ‘960இற்கு மேற்படாதே’ என்று உச்சவரம்பு மாத்திரம் இட்டால் போதும். ‘இவ்வளவு இரு’ என்ற கட்டளை ‘இவ்வளவுக்கு மேற்படாதே’ என்று மாறுகிறது.

ஆனால் 360 பிக்சல் திரையில் 31 வீதம் என்பது ஏறக்குறைய 112 பிக்சல். அதற்குள் ஒரு தமிழ்ச் சொல் அடங்குவதே அரிது. இங்கேதான் திரையை வினவும் கட்டளை வேண்டப்படுகிறது. ‘மீடியா குவெரி’ என்பது அதன் பெயர். திரை 600 பிக்சலுக்குக் குறைந்தால் இரு பத்திகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக முழு அகலத்தில் அடுக்குக என்று அதில் எழுதலாம். 600 என்ற எண்ணில் மந்திரம் எதுவும் இல்லை. சந்தையில் ஆண்டுதோறும் புதிய கைத்தொலைபேசிகள் வருகின்றன. ஒவ்வொன்றின் அளவுக்கும் கட்டளை எழுதப் புகுந்தால் அதற்கு முடிவே இராது. உலாவியின் ஓரத்தைப் பிடித்து மெல்ல ஒடுக்கிக்கொண்டு போக வேண்டும். எந்த இடத்தில் பக்கம் வாசிப்புக்கு இடையூறாகிறதோ அந்த அளவே முறிவெல்லை.

பத்திகள் அடுக்கப்படும்போது எது முதலில் வரும் என்பதும் சிந்திக்கத்தக்கது. பழைய தளங்களில் இடப்புறப் பட்டியலே எழுத்துவடிவில் முதலாவதாக இருக்கும். அப்படியே அடுக்கினால் வாசகர் இருபது இணைப்புகளைத் தாண்டிய பின்னரே செய்தியைக் காண்பார். சிறு திரைக்கு இடம் குறைவு. ஆகவே எது முதன்மை என்று தீர்மானித்தே ஆக வேண்டும். அதிபரின் வாழ்த்துரையா, விண்ணப்ப முடிவுத் திகதியா? கட்டடத்தின் படமா, தொலைபேசி எண்ணா? இவ்வினாக்களுக்குக் கணினி விடை கூறாது. இளைஞர் பாடசாலையின் அலுவலரிடம், பெற்றோர் அடிக்கடி கேட்பது யாது என்று விசாரித்தறிதல் நன்று.

படங்களுக்கு வருவோம். படத்தின் உச்ச அகலம் 100 வீதம், உயரம் தானாக அமையட்டும் என்று இரு கட்டளைகள் எழுதினால் படம் தன் பத்தியை மீறாது, உருவமும் கோணாது. ஆனால் தோற்றம் சுருங்கினும் சுமை சுருங்குவதில்லை என்பதை மறத்தல் கூடாது. 4,000 பிக்சல் அகலமுள்ள விளையாட்டுப்போட்டிப் படத்தை அப்படியே ஏற்றிவைத்தால், சிறு திரையிற் பார்ப்பவரும் அத்தனை சுமையையும் இறக்கியே தீர வேண்டும். முற்கட்டணத்தில் டேட்டா வாங்குபவர்க்கு அது பணச்செலவு. மழைநாளில் தளர்ந்த சமிக்ஞையில் அது காலச்செலவு. கைத்தொலைபேசித் திரை நுண்மை மிக்கதாயினும் 1,000 பிக்சலை அண்டிய அகலமே அதற்குப் பெரும்பாலும் போதும். ஆகவே படங்களைச் சிறிதாக்கிய பின்னரே ஏற்ற வேண்டும். பழைய தளத்தின் முகப்பில் ‘பிளாஷ்’ முறையில் அமைந்த அசையும் படம் இருந்தால் அதனை நீக்கிவிடலாம். அம்முறைக்கான ஆதரவு 2020 டிசம்பரோடு நிறுத்தப்பட்டுவிட்டது.

தொடுதல் பற்றியும் ஒரு சொல். சுட்டியின் முனை ஊசி போன்றது, விரல் அப்படியன்று. கொழுந்து பறித்துக் காய்த்த விரலுக்கு இன்னும் சற்று இடம் வேண்டும். தொடத்தக்க பொத்தான் ஒவ்வொரு பக்கமும் குறைந்தது 44 புள்ளி இருத்தல் வேண்டும் என்பது அப்பிள் நிறுவனம் வகுத்த அளவு. சுட்டியை மேலே கொண்டுசென்றால் விரியும் பட்டியல்களும் விரலுக்கு உதவா. தொட்டால் விரியுமாறு அவற்றை மாற்றியமைக்க வேண்டும். படிவத்தின் ‘சமர்ப்பிக்க’ என்ற பொத்தான் வலப்புறத்தில் திரைக்கு வெளியே ஒதுங்கிவிடாமல் இருக்கிறதா என்று தனியே சோதித்தல் அவசியம். பல்கலைக்கழக அனுமதி முதல் வேலைவாய்ப்பு வரை விண்ணப்பங்கள் இணையவழியே செல்லும் காலம் இது. காணாத பொத்தான் ஒருவரின் ஓராண்டை வீணாக்கிவிடக்கூடும்.

நேரசூசி போன்ற அட்டவணைகள் எளிதில் இணங்குவன அல்ல. ஐந்து நாள்களையும் எட்டுப் பாடவேளைகளையும் கொண்ட அட்டவணையைச் சிறு திரைக்குள் திணித்தால் ஒன்றும் விளங்காது. அட்டவணையைத் தனிப் பெட்டிக்குள் வைத்து, அப்பெட்டி மாத்திரம் பக்கவாட்டில் நகருமாறு அமைப்பது தொடக்கநிலையினர்க்கு ஏற்ற வழி. முழுப் பக்கமும் அசையாது நிற்க, அட்டவணை மட்டும் நகர்வதை எவரும் புரிந்துகொள்வர்.

இனி, தமிழுக்கே உரிய சில நுட்பங்கள் உள. ஆங்கில நூல்கள் இவற்றைச் சொல்வது அரிது. ஆதலால் தமிழ்த் தளம் அமைப்போர் கருத்தூன்ற வேண்டிய பகுதி இதுவே. முதலாவது, எழுத்துரு. இலங்கையின் பழைய தமிழ்த் தளங்கள் பலவற்றில் ‘பாமினி’ எழுத்துரு ஆளப்பட்டது. அதில் தட்டெழுதிய சொல் உள்ளே ஆங்கில எழுத்துகளாகவே இருக்கும். அவ்வெழுத்துரு உள்ள கணினியில் மட்டும் தமிழாகத் தோன்றும். கைத்தொலைபேசியில் அதனைத் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துக்கோவையே தெரியும். 1991இல் வெளியான யுனிகோட் முறையின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. பழைய பக்கங்களை யுனிகோடுக்கு மாற்றாமல் செய்யும் வேறெந்தத் திருத்தமும் பயன் தராது.

இரண்டாவது, சொல்லின் நீளம். தமிழில் வேற்றுமையுருபும் சாரியையும் சொல்லோடு ஒட்டிக்கொள்வன. ‘விண்ணப்பப்படிவங்கள்’ என்ற ஒரு சொல்லில் பன்னிரண்டு எழுத்துகள். ஆங்கிலச் சொல்லின் அளவுக்குச் செய்த பொத்தானில் அதனை இட்டால் பாதி வெட்டுண்ணும். எனவே பொத்தானுக்கு நிலையான அகலம் வைக்காமல், சொல் வேண்டியபோது மடிந்து இரண்டாம் வரிக்கு இறங்க இடமளிக்க வேண்டும். மூன்றாவது, எழுத்தின் உயரம். ‘கி’, ‘கீ’ ஆகியவற்றின் மேல்விலங்கும் ‘கு’, ‘கூ’ ஆகியவற்றின் கீழ்விலங்கும் எழுத்தின் உடலைத் தாண்டி நிற்பன. வரிகளை நெருக்கினால் மேல்வரியின் கீழ்விலங்கும் கீழ்வரியின் மேல்விலங்கும் மோதும். எழுத்தளவின் ஒன்றரை மடங்குக்குக் குறையாத வரியிடைவெளி தமிழுக்கு அழகு. பெட்டிகளுக்கு நிலையான உயரம் விதிப்பதும் இக்காரணத்தாலேயே தவறாகும்.

நான்காவது, அறிவித்தலைத் தாளில் அச்சிட்டு, அதனைப் படம்பிடித்துத் தளத்தில் இடும் பழக்கம். படத்திலுள்ள எழுத்து மடியாது, தேடலில் அகப்படாது, கண் தெரியாதவர்க்கு வாசித்துக் காட்டும் கருவிக்கும் எட்டாது. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் இந்நாட்டின் அரசகரும மொழியாக்கியது. மொழி பக்கத்தில் இருந்தால் மாத்திரம் போதாது. அது வாசகரின் கைக்குள் வாசிக்கத்தக்கதாக இருந்தாலன்றி அவ்வுரிமை முழுமை பெறாது.

இவற்றையெல்லாம் கையாலே எழுதாமல், ஆயத்தமாக அமைந்த கட்டளைத் தொகுதியைப் பயன்படுத்தலாகாதா என்று ஒருவர் வினவலாம். 2011இல் வெளிவந்த ‘பூட்ஸ்ட்ராப்’ அத்தகைய ஒன்று. புதிய தளம் அமைப்போர்க்கு அது நல்ல துணை. ஆனால் பழைய தளத்தில் அதனைக் கொண்டுவந்து சேர்த்தால், பழைய கட்டளைகளும் புதியவையும் ஒன்றோடொன்று முரணும். எது எதனை மாற்றியது என்று தொடக்கநிலையினர் திகைப்பர். ஒரு திருத்தம், ஒரு சோதனை என்று படிப்படியாகச் செல்வதே அவர்க்குப் பாதுகாப்பானது. அவ்வாறு செய்யும்போது ஒவ்வொரு கட்டளையின் பயனும் மனத்தில் பதியும். அடுத்த தளத்தைப் புதிதாக எழுதும்போது, சிறு திரைக்கு முதலில் எழுதிப் பின்னர் பெருந்திரைக்கு விரிக்கும் முறையை அவர் தாமே நாடுவார்.

இத்திருத்தத்தால் தேடலிலும் ஒரு நன்மை உண்டு. கைத்தொலைபேசிக்கு இணங்கும் பக்கங்களுக்குக் கைத்தொலைபேசித் தேடலில் முன்னுரிமை அளிப்பதாக 2015 ஏப்பிரலில் கூகுள் நிறுவனம் நடைமுறை வகுத்தது. வாசிக்க இயலாத பக்கம் பின்வரிசைக்குத் தள்ளப்படும். தேடுவோர் அதனைக் காணாமலே போவர்.

கடைசியாக, சோதனை. கணினியில் உண்டாக்கிய போலித் திரை வேலைக்கு உதவும், தீர்ப்புக்கு உதவாது. புத்தம்புதிய விலையுயர்ந்த கருவியும் உண்மையைச் சொல்லாது. திரையில் கீறல் விழுந்த, சில ஆண்டுகள் பழகிய, மலிவான கைத்தொலைபேசி ஒன்றை இளைஞர் இரவல் வாங்க வேண்டும். சமிக்ஞை மங்கிய இடத்தில், ஒரு கையில் குடையைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையின் பெருவிரலால் தளத்தைத் திறக்க வேண்டும். முடிவுத் திகதி தெரிகிறதா? படிவம் கிடைக்கிறதா? தொலைபேசி எண்ணைத் தொட்டால் அழைப்புச் செல்கிறதா? தளத்தை முன்பின் பார்த்திராத ஒருவரிடம் கொடுத்து, எதுவும் சொல்லாமல் அருகே நின்று பார்ப்பது இன்னும் சிறந்தது. அவர் தயங்கும் இடங்கள் அடுத்த நாளின் வேலை.

செருப்புக்காகக் காலை வெட்டுவார் உண்டோ என்று நம் முன்னோர் கேட்டனர். இத்தனை காலமும் வாசகரே பக்கத்துக்கு இணங்கி, விரித்தும் இழுத்தும் இடர்ப்பட்டார். அகலத்தை விதித்த சில வரிகளை நீக்கி, வேறு சில வரிகளைச் சேர்த்துவிட்டால் பக்கம் வாசகர்க்கு இணங்கும். ஒரு சிறு பாடசாலைத் தளத்துக்கு இது சில வார ஓய்வுநேர வேலை. பெருங்கருவியோ பெருஞ்செலவோ வேண்டா.

அவ்வேலை நிறைவேறிய பின், அடுத்த ஆண்டு பெறுபேறு வெளியாகும் நாளில், வட்டவளையில் வழக்கம்போல மழை பெய்துகொண்டிருக்கும். லயன் திண்ணையில் இன்னொரு மாணவி தந்தையின் கைத்தொலைபேசியைத் திறப்பாள். பாடசாலையின் பெயர், விண்ணப்ப முடிவுத் திகதி, படிவம் ஆகிய மூன்றும் ஒன்றன்கீழ் ஒன்றாக அவள் கண்முன் வரும். அவளுக்காக எவரேனும் உழைத்தார் என்பது அவளுக்குத் தெரியவே மாட்டாது. அவள் படிவத்தை நிரப்பத் தொடங்கியிருப்பாள்.